மழத்தண்ணி கலந்த பாலு

போன சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு பொண்ணு நோட்டும் கால்குலேட்டருமா வந்து வாசல்ல நின்னுச்சு. இப்பதான் ஒரு காலேஜ்ல பவுண்டேஷன், அதாவது டிகிரிக்கு முந்தின படிப்பு, சேர்ந்திருக்கு, முதல் செமஸ்டர்லயே ஜெனரல் கெமிஸ்ட்ரி. "அக்கா, பார்முலா எல்லாம் மனப்பாடமா தெரியும்க்கா, ஆனா கேள்விய கொஞ்சம் மாத்தி கேட்டா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல"ன்னு சொல்லுச்சு. அத கேட்டதும் எனக்கு 2019-ல நான் உக்காந்து அழுத ஹாஸ்டல் கட்டில் ஞாபகம் வந்துருச்சு. அதுகிட்ட சொன்னதையும், நேரமில்லாம சொல்லாம விட்டதையும் சேத்து இங்க எழுதி வைக்கிறேன், வேற யாருக்காச்சும் உதவும்.

நாங்க இருக்கிறது மலேசியாவுல, கெடா மாநிலத்துல பீடோங். சுங்கை பட்டாணிக்கும் குருனுக்கும் நடுவுல, ஜெராய் மலை தெரியுற ஊரு. பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல பால் மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்த கீறி பால் எடுத்தவங்க, அப்பா அந்த பால சேக்குற எஸ்டேட் பால் ஸ்டோர்ல வேல பாத்தாரு, அப்புறம் ரப்பர் மரத்தையெல்லாம் சாச்சிட்டு செம்பனை, அதான் எண்ணெய் பனை, போட்டதும் அம்மா உரம் போடுற கும்பல்ல சேர்ந்தாங்க. இப்ப எஸ்டேட் லயத்த விட்டு தாமான், அதாவது குடியிருப்பு பகுதி, வீட்டுக்கு வந்துட்டோம். இதெல்லாம் எதுக்கு சொல்றேன்னா கெமிஸ்ட்ரி எனக்கு புரிஞ்சது காலேஜ் ஹால்ல இல்ல, இவங்க மூணு பேரோட வேலைய திரும்பி பாத்தப்பதான்.

முதல் டெஸ்ட்ல நான் பெயில். நூத்துக்கு முப்பத்தி ஒன்னு. எஸ்பிஎம்ல, அதான் ஸ்கூல் முடிக்கிறப்ப எழுதுற அரசாங்க பரீட்சைல, கெமிஸ்ட்ரி ஏ எடுத்தவ, அதனால யார்கிட்டயும் சொல்லவே முடியல. அப்ப நான் படிச்ச விதம் என்னான்னா முக்கோணம். மேல மாஸ், அதாவது கனம், கீழ ஒரு பக்கம் மோல் (அது என்னான்னு பின்னாடி சொல்றேன்), இன்னொரு பக்கம் மோலார் மாஸ், அதாவது ஒரு மோலோட கனம், விரல வச்சு ஒன்ன மறைச்சா பார்முலா வந்துரும். கான்சன்ட்ரேஷனுக்கு, அதாவது செறிவுக்கு, ஒரு முக்கோணம், கேஸுக்கு ஒரு முக்கோணம். ஸ்கூல்ல பாரம் பைவ் வரைக்கும் அது போதுமா இருந்துச்சு, ஏன்னா கேள்வி எப்பவுமே எந்த முக்கோணம்னு காட்டி கொடுத்துரும். காலேஜ் கேள்வி அப்படி இல்ல. ஒரு பாட்டில்ல என்ன இருக்குன்னு சொல்லும், இன்னொன்ன அதுல ஊத்தும், கடைசில என்ன மிஞ்சும்னு கேக்கும். எந்த முக்கோணத்த எடுக்குறதுன்னு தெரியாம பேப்பர பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்.

அந்த டெஸ்ட்டுக்கு அப்புறம் வந்த லீவுல வீட்டுக்கு வந்தேன். பின் வாசல்ல அம்மா கால் தொடைக்க ஒரு பழைய யூரியா சாக்க விரிச்சு வச்சிருந்தாங்க. சின்ன வயசுலேர்ந்து பாக்குற சாக்குதான், மழைக்கு தலையில போட்டுக்கிட்டு ஸ்கூல் பஸ்ஸுக்கு கூட ஓடியிருக்கோம். அதுல பெருசா 46ன்னு போட்டிருக்கும், நைட்ரஜன் 46 விழுக்காடு. அன்னைக்கு என்னமோ தோணி தரையிலயே உக்காந்து கணக்கு போட்டேன். யூரியால ஒரு கார்பன், ஒரு ஆக்ஸிஜன், ரெண்டு நைட்ரஜன், நாலு ஹைட்ரஜன். 12 கூட்டல் 16 கூட்டல் 28 கூட்டல் 4, மொத்தம் 60. அதுல நைட்ரஜன் மட்டும் 28. 28-ஐ 60 ஆல வகுத்தா 46.7 விழுக்காடு. சாக்குல போட்டிருக்கிற நம்பர் கிட்டத்தட்ட அதேதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. புக்குல இருக்கிற பெர்சன்ட் காம்போசிஷன் கேள்வி இவ்ளோ நாளா எங்க வீட்டு கால் மிதியில எழுதி கெடந்திருக்கு.

அம்மாகிட்ட ஓடிப்போய் கேட்டேன், அம்மோனியம் சல்பேட் சாக்குல என்னா நம்பர் போட்டிருக்கும்னு. "இருவத்தி ஒன்னு, ஏன்?"ன்னாங்க. உடனே அதையும் போட்டேன். நைட்ரஜன் 28, ஹைட்ரஜன் 8, சல்பர் 32, ஆக்ஸிஜன் 64, மொத்தம் 132, 28-ஐ 132 ஆல வகுத்தா 21.2. சரியா வந்துச்சு. அம்மா அப்ப சமைச்சிக்கிட்டே ஒன்னு சொன்னாங்க பாருங்க, "அதான் யூரியா போடுற எடத்துல சல்பேட் போட சொன்னா கூட தூக்கணும், சாக்கு ஒரே கனம்தான் ஆனா மரத்துக்கு போயி சேர்றது பாதிதான்." ரெண்டும் 50 கிலோ சாக்கு. யூரியால நைட்ரஜன் 23 கிலோ, சல்பேட்ல பத்தரை கிலோ. மரத்துக்கு வேண்டியது சாக்கோட கனம் இல்ல, உள்ள எத்தன நைட்ரஜன் அணு இருக்குங்கிறதுதான். முதுகுல தூக்குன அம்மாவுக்கு இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

மோலுங்கிறது இவ்ளோதான் தங்கச்சிங்களா. கனத்த வச்சு எண்ணுறது. அணுவ கையால எண்ண முடியாது, ஆனா தராசுல நிறுக்க முடியும். செம்பனை தோட்டத்துல உதிர்ந்த கொட்டை பொறுக்கி சாக்குல கட்டுறவங்கள நெனச்சுக்குங்க. ஒவ்வொன்னா எண்ண யாருக்கும் நேரமில்ல. ஆனா பத்து கொட்டைய நிறுத்து நூறு கிராம் இருக்குன்னு வைங்க, அப்ப 50 கிலோ சாக்குல 5000 கொட்டை. அதே 5000 ரப்பர் கொட்டையா இருந்தா, ஒன்னு நாலு கிராம்னு வச்சா, 20 கிலோதான் வரும். எண்ணிக்கை ஒன்னு, கனம் வேற. 18 கிராம் தண்ணி, 58.5 கிராம் உப்பு, 60 கிராம் யூரியா, மூணும் ஒரு மோல், மூணுலயும் எண்ணிக்கை ஒன்னுதான், 6.02-ஐ 10-ன் 23 அடுக்கால பெருக்குனா வர்ற எண்ணிக்கை. நான் படிச்சிக்கிட்டு இருந்த அந்த 2019 மே 20-ல தான் இந்த மோலுக்கு வெளக்கத்தையே மாத்துனாங்க. அதுக்கு முந்தி 12 கிராம் கார்பன்-12ல எத்தன அணு இருக்கோ அதான் மோல்னு இருந்துச்சு, அன்னையிலேர்ந்து 6.02214076-ன்னு ஆரம்பிக்கிற ஒரு நிலையான எண்ணுன்னு ஆக்கிட்டாங்க. எங்க புக்குல பழசுதான் இருந்துச்சு. புதுசு எனக்கு ரொம்ப புடிச்சது, ஏன்னா அது நேரா சொல்லிருது, மோல்னா எண்ணிக்கைன்னு.

ரசாயன மாற்றம் நடக்குறது எண்ணிக்கையில, கிராமுல இல்ல. இத புடிச்சிட்டா லிமிட்டிங் ரியேஜென்ட், அதாவது எது மொதல்ல தீரும்ங்கிறது, தானா வந்துரும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூணு ஹைட்ரஜன் மூலக்கூறு சேர்ந்து ரெண்டு அம்மோனியா ஆகுது. 56 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் குடுத்தா கிராமுல பாத்து ஹைட்ரஜன்தான் கம்மின்னு சொல்லிராதீங்க, இந்த கேள்வில அது சரியா போகும், அடுத்த கேள்வில கால வாரிவிட்டுரும். மோலுக்கு மாத்துங்க. நைட்ரஜன் 2 மோல், ஹைட்ரஜன் 5 மோல். 2 நைட்ரஜனுக்கு 6 ஹைட்ரஜன் வேணும், 5 தான் இருக்கு, அதனால ஹைட்ரஜன்தான் மொதல்ல தீரும். 5 ஹைட்ரஜனுக்கு 3.33 மோல் அம்மோனியா, கிட்டத்தட்ட 57 கிராம், கொஞ்சம் நைட்ரஜன் மிஞ்சிக் கெடக்கும். நான் இப்பவும் கணக்கு போடுறதுக்கு முன்னாடி நோட்டு ஓரத்துல வட்டம் வட்டமா வரைஞ்சு பாப்பேன், அந்த பொண்ணுகிட்டயும் அதான் சொன்னேன், வரைய வெக்கப்படாதேன்னு.

அடுத்து என்ன ரொம்ப நாள் அலைக்கழிச்சது கான்சன்ட்ரேஷன். மோலாரிட்டி (லிட்டருக்கு எத்தன மோல்), டைலூஷன் (தண்ணி விட்டு நீர்க்க வைக்கிறது), எம்1 வி1 சமம் எம்2 வி2, எம்னா கான்சன்ட்ரேஷன், வின்னா வால்யூம். இதுக்கு அப்பாதான் வாத்தியார். பால் ஸ்டோர்ல அவரு செஞ்ச வேலைய ஒரு ராத்திரி கேட்டேன். பால் வெட்டுனவங்க வாளியோட வந்து வரிசையா நிப்பாங்க. மொதல்ல பால அளப்பாங்க, எத்தன லிட்டர்னு. அதோட முடியாது. ஒவ்வொருத்தர் பால்லேர்ந்தும் கொஞ்சம் எடுத்து தண்ணி கலந்து, அதுல மெட்ரோலாக்னு ஒரு மிதவை கருவிய மிதக்க விடுவாங்க, அது எவ்ளோ முங்குதுன்னு பாத்து எத்தன ரப்பர் இருக்குன்னு கணக்கு பண்ணுவாங்க. ரப்பர் தண்ணிய விட லேசு, அதனால ரப்பர் கூட இருக்கிற பால்ல அந்த கருவி இன்னும் முங்கும், தண்ணி கூட இருந்தா மேல ஏறி நிக்கும். கணக்கு எழுதுறது லிட்டர வச்சு இல்ல, காஞ்ச ரப்பர் எத்தன கிலோ வரும்ங்கிறத வச்சு.

நான் கேட்டேன், "மழ பேஞ்சு பால் புடிக்கிற மங்குல தண்ணி விழுந்துட்டா?" அப்பா சொன்னாரு, "விழுந்தா என்னம்மா, வாளி நெறையும், ரப்பர் அதேதான்." அந்த நிமிஷம் டைலூஷன் முழுசா புரிஞ்சு போச்சு. லிட்டருக்கு 300 கிராம் ரப்பர் இருக்கிற பால் 20 லிட்டர், 6 கிலோ ரப்பர். அஞ்சு லிட்டர் மழத்தண்ணி கலந்துச்சுன்னா 25 லிட்டர், லிட்டருக்கு 240 கிராமா எறங்கிரும், ஆனா பெருக்குனா அதே 6 கிலோ. எம்1 வி1 ன்னு எழுதி மனப்பாடம் பண்ணது இதத்தான். ரெண்டு பக்கமும் சமம்னு போடுறமே, அது ஏன் சமம்னு யாரும் கேக்குறது இல்ல. தண்ணி ஊத்துனா உள்ள இருக்கிற சாமான் எங்கயும் ஓடிப்போகல, அதனாலதான் சமம். கான்சன்ட்ரேஷன வால்யூமால பெருக்குறது எதுக்குன்னா உள்ள எத்தன இருக்குன்னு எண்ணத்தான். இத புரிஞ்சுக்கிட்டவங்க டைலூஷன் கேள்விக்கு தனி பார்முலாவே வச்சுக்க வேணாம்.

இப்ப ஆசிட். இதுலதான் நான் ரொம்ப நேரம் நிக்கப்போறேன், ஏன்னா இதுலதான் நெறைய பேரு வழுக்கி விழுறாங்க.

எங்கள மாதிரி தமிழ் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு ஒரே விஷயம் மூணு தடவ பேரு மாறும். ஆறாவது வரைக்கும் அமிலம், காரம். செகண்டரி போனா மலாய்ல அசிட், அல்காலி. காலேஜ் போனா எல்லாம் இங்கிலீஷ். மூணு தடவையும் புதுசா ஒன்ன படிக்கிற மாதிரியே இருக்கும், அந்த களைப்பு பட்டவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அதுலயே ஒரு லாபமும் இருக்கு. மலாய்ல அசிட் பெக்காட்னா வேற, அசிட் குவாட்னா வேற. பெக்காட்னா கெட்டியா, செறிவா இருக்கிறது, கடையில தே தாரேங்கிற டீய காவ்வா, கெட்டியா கேக்குறமே அந்த மாதிரி. குவாட்னா பலம். இங்கிலீஷ்ல பேசுறப்ப ஸ்ட்ராங் டீன்னு சொல்லி பழகிட்டதால ஸ்ட்ராங் ஆசிட்னாலும் கெட்டியான ஆசிட்னு நெனச்சுக்கிறோம். கெமிஸ்ட்ரில ஸ்ட்ராங்னா கரைஞ்ச ஒவ்வொரு மூலக்கூறும் ஹைட்ரஜன் அயனிய, அதாவது சார்ஜ் உள்ள ஹைட்ரஜன, விட்டுருதுன்னு அர்த்தம். வீக்னா கொஞ்சம்தான் விடும், மிச்சம் முழுசாவே இருக்கும். எத்தன கரைஞ்சிருக்குங்கிறது அது வேற கேள்வி.

பாட்டியோட எடது கையில ஒரு பழைய தழும்பு இருக்கு. ஸ்டோர்ல பால உறைய வைக்கிற ஆசிட் பட்டது. பார்மிக் ஆசிட், எறும்பு கடிக்கிறப்ப எரியுதே அதே ஆசிட், லத்தீன்ல எறும்புக்கு பார்மிக்கான்னு பேரு, 1671-ல ஜான் ரேங்கிறவரு எறும்புங்கள காய்ச்சி வடிச்சு இத எடுத்தாரு. லெக்சரர் அத வீக் ஆசிட் லிஸ்ட்ல எழுதுனப்ப எனக்கு கோவமே வந்துச்சு. பாட்டி கைய வெந்து போக வச்சத எப்படி வீக்னு சொல்றீங்கன்னு. பிற்பாடுதான் வெளங்குச்சு, அது வீக் ஆசிட்தான், ஆனா ட்ரம்முல வந்தது ரொம்ப கெட்டியானது. வீக்னா சாதுன்னு அர்த்தம் இல்ல. லேப்புல கிளவுஸ் போடாம வீக் ஆசிட்தானன்னு கை வைக்கிறவங்க இத நல்லா மனசுல வச்சுக்குங்க.

நம்பர்ல பாக்கலாம். லிட்டருக்கு 0.1 மோல் இருக்கிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட், எல்லாம் பிரிஞ்சிரும், பிஎச் 1 (பிஎச் கொறைய கொறைய ஹைட்ரஜன் அயனி கூடன்னு அர்த்தம்). அதே 0.1 மோல் பார்மிக் ஆசிட்ல நூத்துக்கு நாலு மூலக்கூறுதான் பிரிஞ்சிருக்கும், பிஎச் 2.4 கிட்ட. அத பத்து மடங்கு தண்ணி விட்டு கலக்குங்க, இப்ப நூத்துக்கு பன்னெண்டு பதிமூணு பிரிஞ்சிருக்கும். தண்ணி கூடுனா பிரியறதும் கூடுது. அடுத்ததா லெக்சரர் ஒரு கேள்வி கேட்டாங்க, அந்த செமஸ்டர்லயே நல்ல கேள்வி அதான்னு நான் சொல்லுவேன். ரெண்டு ஆசிட்டும் ஒரே அளவு, ஒரே கான்சன்ட்ரேஷன், எத அணைக்க, அதாவது நடுநிலையாக்க, சோடியம் ஹைட்ராக்சைட்ங்கிற காரம் கூட வேணும்? ஹால்ல பாதி பேரு ஹைட்ரோகுளோரிக்னு கை தூக்குனோம். பதில் என்னான்னா ரெண்டுக்கும் ஒரே அளவுதான். அந்த நாலு ஹைட்ரஜன் அயனிய காரம் வந்து எடுத்துக்கிட்டதும் மிச்சம் இருக்கிற தொண்ணூத்தாறுலேர்ந்து இன்னும் கொஞ்சம் பிரியும், அதையும் எடுத்தா இன்னும் கொஞ்சம், கடைசில நூறும் தீர்ந்துரும்.

இதான் ஈக்விலிப்ரியம், அதாவது சமநிலை. பேரு பெருசா இருக்கேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு பக்கமும் அம்புக்குறி போட்டா அங்க வேல நின்னு போச்சுன்னு நெனச்சிருந்தேன், நிக்கல, பிரியறதும் சேர்றதும் ஒரே வேகத்துல நடந்துக்கிட்டே இருக்கு. பால் ஸ்டோர்ல, பால் உறையாம இருக்க ஊத்துற அம்மோனியா வாடை மூக்க அறுக்கும்னு அப்பா சொல்லுவாரு. அம்மோனியா வீக் பேஸ், அதாவது பலம் கம்மியான காரம், 0.1 மோல் கரைசல்ல நூத்துக்கு ஒன்னு சொச்சம்தான் அயனியா மாறும், மிச்சமெல்லாம் அம்மோனியாவாவே கெடக்குது, அதான் மேல கெளம்பி வந்து நாறுது. ஆசிட்ட ஊத்துனா வாடை அடங்கிரும், அம்மோனியா அம்மோனியம் ஆயிரும், அம்மோனியத்துக்கு மேல கெளம்பத் தெரியாது.

குருன்ல பெட்ரோனாஸ்ங்கிற மலேசிய எண்ணெய் கம்பெனியோட உர ஆலை இருக்கு, ஹைவேல ராத்திரி போறப்ப பாத்தா வெளக்கு வெளக்கா எரியும். அங்க இயற்கை வாயுலேர்ந்து ஹைட்ரஜனும் காத்துலேர்ந்து நைட்ரஜனும் எடுத்து அம்மோனியா பண்ணி, அதுலேர்ந்து யூரியா பண்றாங்க. ஹேபர்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி 1909-ல செஞ்சு காட்டி, போஷ்ங்கிறவரு 1913-ல ஜெர்மனில பெரிய ஆலையா ஓட்டுன அதே வழி. அம்மோனியா உண்டாகுறப்ப சூடு வெளிய வருது, அதனால சூட்ட கொறச்சா அம்மோனியா கூட கெடைக்கணும். கெடைக்கும், ஆனா ரொம்ப மெதுவா. அதான் 400, 500 டிகிரி சூட்டுல, இரும்பு கேட்டலிஸ்ட், அதாவது வேகத்த கூட்டுற பொருள், போட்டு, நெறைய அழுத்தம் குடுத்து, உண்டான அம்மோனியாவ அப்பப்ப வெளிய எடுத்துக்கிட்டு, மிஞ்சுன வாயுவ திரும்ப உள்ள விடுறாங்க. லெ ஷாட்லியே விதிய, அதான் சமநிலைய கலைச்சா அந்த மாற்றத்த கொறைக்கிற பக்கம் அது சாயும்ங்கிறத, பரீட்சைக்கு படிக்கிறவங்க ஒன்ன பிரிச்சு பாருங்க, எவ்ளோ கெடைக்கும்ங்கிறது ஒரு கேள்வி, எவ்ளோ சீக்கிரம்ங்கிறது வேற கேள்வி. கேட்டலிஸ்ட் போட்டா சீக்கிரம் வரும், கூட வராது.

கடைசி பரீட்சைல எனக்கு பி ப்ளஸ். பெரிய மார்க் இல்ல, ஆனா ஒரு கேள்வில கூட முக்கோணம் வரையல.

இத எல்லாம் அந்த பொண்ணுகிட்ட பேசிக்கிட்டு இருந்தப்ப பாட்டி ஈசி சேர்ல சாஞ்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பால் ஏன் உறையுதுன்னு அதுக்கு புக்குல படம் போட்டிருந்துச்சு, ரப்பர் துகள் மேல நெகட்டிவ் சார்ஜ் இருக்கிறதால ஒன்ன ஒன்னு தள்ளிக்கிட்டு மிதக்குது, ஆசிட்டோட ஹைட்ரஜன் அயனி வந்து அந்த சார்ஜ அணைச்சதும் முட்டி ஒட்டிக்குதுன்னு. ஆசிட் ஊத்தாட்டியும் கிருமி புளிக்க வச்சு ராத்திரியில கட்டிப்பால் ஆயிரும், அதுக்குத்தான் அம்மோனியான்னு நான் சொன்னேன். படத்துலயே பாத்து என்ன பண்றது, நேர்லயே செஞ்சு காட்டுறேன்னு அப்பா சொல்லிட்டாரு, கூட்டாளி ஒருத்தருக்கு இன்னும் நாலு ஏக்கர் ரப்பர் இருக்கு, அடுத்த சனிக்கிழமை காலையில ஒரு போத்தல் பால் வாங்கிட்டு வரேன்னு.

பாட்டி கண்ண தொறக்காமலே சொன்னாங்க. "வர்ற வழியில உறையாம இருக்க அமோனியா ஊத்தித்தான் தருவான். அமோனியா ஊத்துன பாலுக்கு ஆசிட் கூட ஊத்தணும், அந்த புள்ளகிட்ட சொல்லிரு."

அந்த பொண்ணு நோட்ட தொறந்து, "எவ்ளோ கூட, பாட்டி?"ன்னு கேட்டுச்சு.